கிணத்துத் தண்ணி குடிச்ச கார்

போன ஆவணியில ஒரு நாள் மத்தியானம் அப்பா ஆனையிறவில இருந்து போன் எடுத்தார். "கார் கொஞ்சம் சூடாகிப் போச்சு. ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கட வீட்டில் அப்பா பயப்பிடாதேங்கோ என்று சொன்னால்தான் எல்லாருக்கும் பயம் வரும்.

வவுனியாவில ஆக்களை இறக்கிப்போட்டு வெறுங்காரில் திரும்பி வந்துகொண்டிருந்தவர். ஆனையிறவால் போய் வந்தவைக்குத் தெரியும், ரோட்டின் இரண்டு பக்கமும் வெளியும் உப்புத் தண்ணியும்தான், வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பொனற்றுக்குள்ளால் ஆவி வந்திருக்கிறது. காரை நிப்பாட்டிய அப்பா பத்து நிமிசம்கூடப் பொறுக்காமல் துணியால் பிடித்து ரேடியேற்றர் மூடியைத் திருகியிருக்கிறார். வலது கை மணிக்கட்டில இருந்து முழங்கை மட்டும் வெந்துபோனது.

அந்த மூடியில் 0.9 என்று ஒரு இலக்கம் அடித்திருக்கும். அவ்வளவு அழுத்தத்தை உள்ளுக்குள் பிடித்து வைத்திருக்கிறதுதான் மூடியின்ர வேலை. அந்த அழுத்தத்தால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணி 118 மட்டும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், உள்ளுக்குள் இருக்கிறது எல்லாம் ஒரேயடியாகக் கொதித்து மேலே அடிக்கும். இது நாங்கள் பிறகு படித்தது. அப்பாவுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தெரிஞ்சும் திறந்தவர்.

கையில கட்டோடு அப்பா வீட்டில இருக்க வேண்டி வந்ததால்தான் ரேடியேற்றர் தேடி அலையிற வேலை எங்களுக்கு வந்தது. நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். எங்களில் ஒருத்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், மற்றவள் ஏ.எல். முடிச்சிட்டு வீட்டில நிக்கிறாள். ரேடியேற்றர் என்றால் காருக்கு முன்னுக்கு இருக்கிற சாமான் என்பதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

கார் நிசான் சனி, எஃப்.பி. 14. 1995இல் செய்தது. எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தது. இதை வித்துப்போட்டு வேற கார் எடுக்கலாமே என்று கேட்கிறவைக்கு நாட்டு நிலைமையைத்தான் சொல்ல வேண்டும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 மாசியில். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுத்தும். இந்த இடைப்பட்ட காலத்தில் பழைய காரெல்லாம் வாங்கின விலையை விடக் கூட விலைக்குப் போனது. எங்கட கார் ஓடினால்தான் ஹயர். ஹயர் ஓடினால்தான் வீடு.

ரக்ரரில் கட்டி இழுத்துப் பரந்தன் வரைக்கும், அங்கிருந்து லொறியில் ஏற்றி உரும்பிராய்க்கு. கராச் அண்ணை முதலில் ரேடியேற்றரைத் தொடவே இல்லை. "முதல்ல ஹெட்டைப் பாப்பம். ஹெட் போயிருந்தால் ரேடியேற்றர் வாங்கிற காசு வீண்" என்றார். இந்த எஞ்சினில் அடிப்பகுதி இரும்பு, தலை அலுமினியம். அளவுக்கு மிஞ்சிச் சூடானால் தலை வளைஞ்சு, இடையில இருக்கிற கஸ்கெற் எரிஞ்சு, எண்ணெயும் தண்ணியும் கலந்துவிடும். எண்ணெய் மூடியைக் கழட்டி விரலால் வழித்துப் பார்த்தார். பால் தேத்தண்ணி நிறம் இல்லை. கொம்பிறெஷனும் நான்கு சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. "உங்கட அப்பா நேரத்துக்கு நிப்பாட்டியிருக்கிறார்" என்றார். இந்த ஒரு வசனத்தை நாங்கள் வீட்டில் மூன்று தரம் சொன்னோம்.

பிறகு பழைய ரேடியேற்றரைக் கழட்டி, மேல் தாங்கியை நெளித்துப் பிடித்திருக்கிற தகட்டைக் குறட்டால் நிமிர்த்தித் திறந்து காட்டினார். தாங்கி பிளாஸ்ரிக். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தது, மண்ணிறமாகி, ஹோஸ் மாட்டுகிற கழுத்தில் மயிரளவு வெடிப்பு. ஆனையிறவில் ஒழுகினது அதால்தான். ஆனால் அண்ணை எங்களைப் பார்க்கச் சொன்னது அதையில்லை. கீழே வரிசையாக நிற்கிற தட்டையான அலுமினியக் குழாய்களை. ஏறத்தாழ பாதிக் குழாய்களின் வாயில் வெள்ளைக் கட்டி. எங்கட வீட்டுக் கேத்தில் அடியில் இருக்கிற அதே வெள்ளை. அதுக்கு மேல மஞ்சள் கறை வேறு.

"என்ன தண்ணி விடுறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணிதான். குடிக்கிற கிணறு."

"குடிக்கலாம். எஞ்சினுக்குப் பருக்கக் கூடாது."

யாழ்ப்பாணத்தில் எங்கட காலுக்குக் கீழே இருக்கிறது சுண்ணாம்புக்கல். மழை அதுக்குள்ளால இறங்கித்தான் கிணத்துக்கு வருகிறது, வரேக்க சுண்ணாம்பைக் கரைச்சுக்கொண்டு வருகிறது. சூடாக்கினால் அந்தச் சுண்ணாம்பு கரைசலாக நிற்காமல் படியும். ரேடியேற்றர் என்பது நாள் முழுக்க அடுப்பில இருக்கிற கேத்தில்தானே. கரையோரக் கிணறென்றால் உப்பும் சேரும். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய படலம் இருக்கும், அதுதான் அதுக்குக் காவல். உப்பில் இருக்கிற குளோரைட் அந்தப் படலத்தைக் குத்திப் பொத்தலாக்கும். அலுமினியம் தேயாமல், ஊசி குத்தின மாதிரி ஒரு இடத்தில் ஓட்டையாகி ஒழுகத் தொடங்கும்.

மஞ்சள் கறைக்குக் காரணம் மஞ்சள் தூள். சின்ன ஒழுக்கு வந்தால் ரேடியேற்றருக்குள் ஒரு கரண்டி மஞ்சள் போடுகிறது ஓட்டுநர்மாரின் பழைய கைவைத்தியம். அப்பா அதைச் செய்தது 2020இல், மஞ்சள் இறக்குமதி இல்லாமல் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த நேரம். அம்மா இன்னும் அதை மறக்கவில்லை.

அப்பாவை விளங்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வேலை பழகினது 1990களில், குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில். ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின காலம். அந்தக் கார்களின் ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். குழாய் அடைத்தால் தாங்கியைச் சூடாக்கிக் கழட்டி, கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணி, திரும்ப ஈயம் வைத்து ஒட்டுவார்கள். ஓட்டையென்றாலும் ஈயம்தான். கிணத்துத் தண்ணி குடிச்சாலும் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருக்கால் ஆள் திருந்தி வந்துவிடும். அப்பாவின் பழக்கம் அந்த உலோகத்துக்குச் சரியான பழக்கம். கார் மாறினது, பழக்கம் மாறவில்லை. 1970களுக்குப் பிறகு கார்க் கம்பனிகள் ஒவ்வொன்றாக அலுமினியத்துக்கு மாறின. செம்பு வெப்பத்தை இன்னும் நல்லாய்க் கடத்தும், அது உண்மை. ஆனால் அலுமினியம் பாரமும் விலையும் குறைவு. குழாயை அகலமாகச் செய்து, இடையில இருக்கிற மெல்லிய தகட்டு மடிப்புகளை நேராகவே உருக்கி ஒட்டலாம் என்பதால் குறையை ஈடுகட்டிவிடும். கம்பி விட்டுக் குத்தத்தான் இடமில்லை.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் நாங்கள் ஏறி இறங்கினது நான்கு கடை. முதல் கடையில் முதல் கேள்வி, "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" இருக்கிறார், கை வெந்துபோய் இருக்கிறார் என்றோம். "அப்ப கை மாறினாப் பிறகு அவரையே வரச் சொல்லுங்கோவன்." நாங்கள் அடுத்த கடைக்குப் போனோம். அங்கேயும் ஏறத்தாழ இதே கேள்விதான், ஆனால் ஒரு பிளேன்ரீயோடு.

மூன்றாம் கடைக்குள் போகேக்க எங்கட கையில் அளவுநாடாவும் பழைய ரேடியேற்றரின் படமும் இருந்தன. எங்களுக்குக் காட்டினது நான்கு வகை. ஜப்பானில பாவிச்சுக் கழட்டினது 14,000. புதுசு, மெல்லிய கோர், 19,500. புதுசு, தடிச்ச கோர், 27,000. கடைசியாக, மேசைக்குக் கீழே இருந்து எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார் ஒன்றை. கண்ணாடி மாதிரி மினுங்கியது. தாங்கியும் அலுமினியம், மூலையெல்லாம் ஒட்டுவேலை. "இதுதான் ஃபுல் அலுமினியம். போட்டால் பிறகு பொனற்றைத் திறக்கவே தேவையில்லை." 58,000.

பிறகு பொனற்றைத் திறக்கவே தேவையில்லை. இந்த வசனத்தில்தான் நாங்கள் விழுந்தோம். ஏன் விழுந்தோம் என்று சொல்லுகிறதுக்கு, அந்தக் கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்காமல் விட்ட விசயத்தைச் சொல்ல வேண்டும்.

ஆனையிறவில் இருந்து வந்த அண்டைக்கு இரவு அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "முள்ளு ஏறேல்லைப் பிள்ளை. நான் பாத்தனான். முள்ளு ஏறவே இல்லை." சூடு காட்டுகிற மீற்றர் முள். அப்பாவுக்குச் சலரோகம் வந்து பதினொரு வருஷம். போன தையில் இருந்து இரவு ஹயர் எடுக்கிறதில்லை. கேட்டால் நித்திரை வருது என்பார். கரண்ட் பில் வந்தால் "வாசி" என்று எங்களிட்டத் தருவார், தன்ர கண்ணாடியைத் தேடுகிற மாதிரிக் கொஞ்ச நேரம் தேடிப்போட்டு. போனில் ஆர் எடுக்கினம் என்று பார்க்காமலே "ஓம் சொல்லுங்கோ" என்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. முள் ஏறவில்லை என்ற கதையோடு வைத்துப் பார்த்தால், எங்களுக்கு நித்திரை வரவில்லை.

அதனால் எங்களுக்குத் தேவைப்பட்டது ஒருத்தரும் பார்க்கத் தேவையில்லாத ரேடியேற்றர். 58,000 என்ன, மஹாபொலக் காசில் சேர்த்தது, அம்மாவின் சீட்டுக் காசு, எல்லாத்தையும் கூட்டினால் வரும். மினுங்குகிற அந்தச் சாமானின் படத்தைக் கராச் அண்ணைக்கு அனுப்பினோம். அவர் போன் எடுத்து, "அதை வைச்சிட்டு இஞ்ச வாங்கோ" என்றார்.

அவர் சொன்னது எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. "கழட்டிப் போட்ட பழசும் அலுமினியம்தான், தங்கச்சி. கடையில இருக்கிற நாலும் அலுமினியம்தான். சூட்டை எடுக்கிற கோர் எல்லாத்திலயும் ஒண்டுதான். நீங்கள் 30,000 கூடக் குடுக்கிறது ரெண்டு தாங்கிக்கு." தாங்கி அலுமினியமென்றால் பிளாஸ்ரிக் மாதிரிக் காய்ஞ்சு வெடிக்காது, நல்ல வெல்டர் இருந்தால் திருத்தலாம், அது உண்மை. ஆனால் வெல்டிங் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் அதின்ர ஆயுள். கீழே இருக்கிற றப்பர் புஷ் சரியில்லாமல் ஆடத் தொடங்கினால் ஒட்டின மூலையில்தான் முதலில் கீறும். எங்களுக்குக் காட்டினதன் கோர் 40 மில்லிமீற்றருக்கு மேல தடிப்பு. அளந்து பார்த்தால் ஃபானுக்கும் அதுக்கும் இடையில் ஒரு விரல் போக இடமில்லை. கோர் தடிக்கத் தடிக்க ஃபான் கூடக் கஷ்டப்பட்டுக் காத்தை இழுக்க வேண்டும், ரவுணுக்குள் நின்று நின்று ஓடுகிற காருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. "கிணத்துத் தண்ணி விட்டால் இந்த 58,000மும் அதே மாதிரித்தான் அடைக்கும். கொஞ்சம் வடிவாய் அடைக்கும்."

பாவிச்சதை அவர் எண்ணவே இல்லை. அதின்ர பிளாஸ்ரிக்கும் எங்கட பிளாஸ்ரிக்கின் வயசுதான். மிச்சம் மெல்லிசும் தடிப்பும். 16 மில்லிமீற்றர் கோர், 26 மில்லிமீற்றர் கோர். எங்கடதைத் திருப்பி அளந்தோம், தடிப்பு வகைக்குத்தான் கிட்ட வந்தது. எத்தனை கடையில் 16ஐக் காட்டி "கம்பனி அளவு" என்றார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்றாம் கடைக்குத் திரும்பிப் போய்த் தடிச்சதைக் கேட்டோம். பெட்டியில் எழுதியிருக்கிறதை நம்பாமல் வெளியே எடுக்கச் சொன்னோம். கீழ்த் தாங்கியில் இரண்டு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அது ஓட்டோ கியர் காருக்கு, கியர் எண்ணெயைக் குளிராக்கிற வழி. எங்கடது மனுவல். "அடைச்சுப்போட்டுப் போடலாம்" என்றார் முதலாளி. போடலாம்தான், ஆனால் மனுவலுக்குரியது பின்னால் அறையில் இருந்தது. கேட்டதால் வந்தது. நீளம், உயரம், கீழ்க் கட்டை இரண்டுக்கும் இடைத்தூரம், ஃபான் கூடு பூட்டுகிற துளைகள், ஹோஸ் கழுத்தின் சுற்றளவு, எல்லாம் அளந்தோம். மடிப்புத் தகடு நசிந்திருக்கா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். மூடிக் கழுத்துக்குள் போன் ரோச் அடித்துக் குழாய் வாய்களைப் பார்த்தோம். முதலாளி சிரித்துக்கொண்டு, "எந்தக் கராச்சில வேலை?" என்று கேட்டார். கலைப்பீடம் என்றோம்.

மிஞ்சின காசில் அண்ணை எழுதித் தந்த துண்டின்படி புது மூடி, தேர்மோஸ்ரற், மேல் கீழ் ஹோஸ் இரண்டு, கூலன்ற். கூலன்றைத் தண்ணியோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், அந்தத் தண்ணி காய்ச்சி வடிச்சதாக இருக்க வேண்டும். கூலன்ற் என்றால் நிறத் தண்ணி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்தச் சூட்டு நாட்டில் உறையிற பிரச்சினை இல்லைத்தான், ஆனால் அதில் இருக்கிற மருந்துதான் அலுமினியத்தை அரிக்க விடாமல் காக்கிறது. அந்த மருந்தும் காலத்தோடு தீர்ந்துபோகும், நிறம் அப்படியே இருந்தாலும். பச்சையையும் சிவப்பையும் கண்டபாட்டுக்குக் கலக்கக் கூடாது.

பூட்டுகிற அண்டைக்கு அப்பாவும் வந்திருந்தார், கையில் கட்டோடு ஒரு கதிரையில். அண்ணை எங்களைத்தான் கீழ் றப்பரை வைக்கச் சொன்னார். கூலன்ற் விட்டு, மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, காத்துக் குமிழி வெளிக்கிடுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மல்ரிமீற்றரின் ஒரு கம்பியைக் கூலன்றுக்குள் முட்டவிட்டு மற்றதைப் பற்றறியின் மைனஸில் வைத்தார். ஏர்த் வயர் சரியில்லாவிட்டால் கரண்ட் கூலன்றுக்குள்ளால் வழி தேடும், அதுவும் அலுமினியத்தைத் தின்னும். 0.1க்குக் கீழே நின்றது. நல்லது.

அப்போதுதான் அப்பா கேட்டார், எங்களைப் பார்க்காமல் அண்ணையைப் பார்த்து. "ஏன் தம்பி, அண்டைக்கு முள்ளு ஏறேல்லை?"

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சூடு பாக்கிற சென்சர் தண்ணிக்குள்ள இருந்தால்தான் அண்ணை சரியாய்க் காட்டும். தண்ணி இறங்கி அது காத்துக்குள்ள நிண்டால் முள்ளு ஏறாது, சிலவேளை இறங்கியும் காட்டும். உங்கட தண்ணி முழுக்க ஒழுகினது."

"பாத்தியளே" என்றார் அப்பா எங்களிடம். அவரின் முகத்தில் ஒரு கிழமைக்குப் பிறகு இரத்தம் ஓடினது மாதிரி இருந்தது. அண்ணை சொன்னது பொய்யில்லை, நாங்கள் பிறகு தேடிப் பார்த்தும் இருக்கிறோம், அப்படி நடக்கும். ஆனால் தண்ணி முழுக்க இறங்குகிறதுக்கு முதல் முள் ஒருக்கால் ஏறியிருக்குமா, ஏறினதை அவர் காணவில்லையா என்பதை நாங்கள் அண்ணையிடம் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தி கேட்க வாயெடுத்தாள். மற்றவள் காலில் மிதித்தாள்.

58,000க்கு வாங்காததால் மிஞ்சின காசைப் பற்றி அண்டைக்கு இரவு கதை வந்தது. கண் கிளினிக்குக்கு நாள் எடுத்திருக்கிறம் என்று அம்மா சொன்னா, எங்களோடு கதைச்சு வைச்ச மாதிரி இல்லாமல், கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற மாதிரி. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் சாப்பிட்டார். "எத்தினை மணிக்கு?" என்றார்.

கட்டு அவிழ்த்துப் பதினைந்து நாளுக்குப் பிறகு போனோம். அப்பாதான் ஓடினார், பகல்தானே, பலாலி வீதியால் மெல்லமாக. எங்களில் மூத்தவள் முன் சீற்றில். அவள் அதுக்கிடையில் லேர்னர்ஸ் எடுத்துவிட்டாள், அது வேறு கதை. பின்னால் காலடியில் காய்ச்சி வடிச்ச தண்ணிப் போத்தில், அப்பாவின் பழைய கிணத்துத் தண்ணிக் கானும் பக்கத்தில். கானை எடுக்க அவர் விடவில்லை, கை கழுவ உதவுமாம்.

திருநெல்வேலிச் சந்தியில் வாகனம் நிறைஞ்சு நின்றது. நல்ல வெயில். ஃபான் இரைஞ்சு ஓடத் தொடங்கினது கேட்டது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "பிள்ளை, முள்ளு எவடத்தில நிக்குது?" என்றார்.

"அரைக்குக் கொஞ்சம் கீழ அப்பா."

"ஆ."

சந்தி தாண்டிக் கம்பஸ் வாசலுக்குக் கிட்ட வரேக்க திரும்பவும் கேட்டார்.